அசலுக்குப் பதில்

சங்கரநயினார் தன் வாழ்நாளில் யாரிடமும் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. பெரிய தருமவான் என்று நினைத்துவிட வேண்டாம். நூற்பாலை ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். எந்த உதிரிப் பாகத்தைக் கேட்டு எந்த மெக்கானிக் வந்து நின்றாலும், "அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு, ஒத்துப்போகும்" என்று எதையாவது எடுத்து நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார். ஒத்துப்போனதா என்பது அதற்கப்புறம் மெஷினுக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள வழக்கு.

வீட்டில் பேச்சும் அப்படித்தான். மனைவி செண்பகவல்லி "நாளைக்கு நான்…" என்று வாயைத் திறந்தால், "கோயிலுக்குப் போவணுங்கா" என்று இவர் முடித்துவைப்பார். அவள் பல் டாக்டரிடம் போவதைப் பற்றிச் சொல்ல வந்திருப்பாள். பல்லைப் பிடித்துக்கொண்டே கோயிலுக்குப் போய்வருவாள். கோவில்பட்டியில் பழைய ஆலையை இடித்துக் கட்டிய அந்த நாலு மாடிக் குடியிருப்பில், செண்பகவல்லி சொந்தமாக முடித்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன ஆண்டு மூளையில் அடைப்பு வந்து, வலது கையும் பேச்சும் போயின. குடியிருப்பே அனுதாபப்பட்டது. பேச்சுப் போனதற்கு அனுதாபப்பட்டவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பட்டார்கள்.

ஆனால் மூன்றே மாதத்தில் செண்பகவல்லி கடகடவென்று பேச ஆரம்பித்தாள். அதுவும் எப்படி! தேனும் பாலுமாக. எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. லிஃப்ட் வாசலில் நயினாரை மடக்கிவிட்டாள்.

"எப்படி அண்ணாச்சி மதினி இப்படிப் பேசுதாவ? எங்க பெரியம்மைக்கு வாதம் வந்து, சாகுற வரைக்கும் பே பேன்னுல்லா இருந்தாவ."

"காதுக்குப் பின்னால தோலுக்கடியில ஒரு பொட்டு வச்சிருக்கு டீச்சர், புளியங்கொட்டை அளவுக்கு. அவ என்ன சொல்ல நினைக்காளோ, அதை அந்தப் பொட்டு மோந்து பாத்து பெட்டிக்கு அனுப்பும். பெட்டி இந்தா, என் பையில இருக்கு பாருங்க, வெத்தலைச் செல்லம் கணக்கா. இது அதைத் திருத்தி, முழு வாக்கியமாக்கித் திருப்பி அனுப்பும். அவ வாய் தன்னால பேசிரும்."

"அவிய எப்படிப் பேசுவாவன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"வச்சதும் நானூறு கேள்வி கொடுத்தாவ. காலையில எந்திரிச்சதும் என்ன சொல்லுவாங்க, காப்பி ஆறிப்போனா என்ன சொல்லுவாங்க, இந்த மாதிரி. வீட்டு ஆளு எழுதிக் கொடுக்கணும்."

"உங்க மக அகல்யா எழுதுனாளா?"

"கனடாவுல உக்காந்திருக்கவளுக்கு என்ன தெரியும்? நான்தான். ஒரே உக்காருல நானூறையும் முடிச்சிட்டேன்."

டீச்சருக்கு நாக்கு அரித்தது. "கோவம் வந்தா என்ன சொல்லுவாங்கன்னு கேட்டிருப்பானே?"

"கேட்டிருந்தான். அவளுக்குக் கோவமே வராதுன்னு எழுதிட்டேன்."

டீச்சர் அதன் பிறகு லிஃப்டில் ஏறாமல் படியிலேயே போய்விட்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்று சிலர் சொல்வார்கள்.

பொட்டு வைத்த டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். வைத்ததிலிருந்து ஒன்பதாம் மாதம் வர வேண்டும். அப்போதிலிருந்து பெட்டியின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், மூளை புதிதாகச் சொந்த வழி போட்டுக்கொள்ளும். திக்கும், திணறும், ஆனால் பேச்சு அவளுடையதாக வரும். முழு உதவியிலேயே விட்டுவிட்டால் அந்த வழி தூர்ந்துபோகும். அப்புறம் யார் தோண்டினாலும் திறக்காது. நயினார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இப்போது எட்டாம் மாதம் முடியப் போகிறது.

அவருக்கு அப்போது கவலை வேறு. ரேடியோ.

செண்பகவல்லியின் அப்பா வைத்திருந்த வால்வு ரேடியோ அது. ஜெர்மன் செட்டு. சரிபண்ணித் தரும்படி முப்பது வருஷமாக அவள் கேட்டாள் என்றால், முப்பது வருஷமாக 'சரிபண்ணித்…' வரை சொன்னாள். மீதியை அவர் "தூக்கிப் போட்டுருவோங்கா" என்று முடித்ததில் அது பரணுக்குப் போனது. இப்போது ரிட்டயரான கை சும்மா இருக்காமல் அதை இறக்கி மேசையில் வைத்தார். 'பெண்டாட்டிக்காக எவ்வளவு பாடுபடுகிறார் பாரேன்' என்று மூன்றாவது மாடி வரைக்கும் பேச்சு எட்டியது. அவளும் சன்னலோர நாற்காலியில் இருந்தபடி, "நீங்க தொட்டா எதுவும் சரியாயிடும்ங்க" என்றாள். நயினாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உள்ளே இரண்டு சுருள் டப்பாக்கள் களிம்பேறிப் போயிருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு பசுவந்தனை ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காயல்பட்டணத்துச் சேகனாவிடம் போனார். சேகனாவுக்கும் அவருக்கும் ஆலைக் காலத்திலிருந்தே பழக்கம்.

"அசல் கிடைக்காது வே," என்றார் சேகனா. "வேற செட்டு டப்பா ஒண்ணு கிடக்கு. கம்பி ஒத்துப்போகும். ஆனா அலைவரிசை இறங்கிப் போவும். முள்ளு ஒரு எண்ணைக் காட்டும், செட்டு வேற ஒண்ணைக் கேக்கும்."

"வேலை செய்யும்ல?"

"செய்யும். மாத்துச் சாமான் வேலையெல்லாம் ஒழுங்காத்தான் செய்யும். ஆனா அதுபாட்டுக்கு ஒரு குணம் வச்சிருக்கும், பாத்துக்கிடும். அது கிடக்கட்டும், மீடியம் வேவ் ஸ்டேஷனையெல்லாம் மூடி எத்தனை வருஷமாச்சு? எதைக் கேக்கப் போறீரு?"

அதை நயினார் யோசித்திருக்கவில்லை. யோசித்ததாகக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டப்பாவைப் பற்றவைத்து, மறுநாள் நண்பகலில் செட்டைப் போட்டார். வால்வுகள் சிவந்தன. சுத்தமான இரைச்சல். முள்ளை மெல்ல இடது கோடிக்குத் தள்ளிக்கொண்டே போனபோது, ஒரு பெண் குரல், மாவு பிசைந்தது போன்ற தட்டையான குரல், "மணி பன்னெண்டாச்சு, சாப்பிட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றது.

அரை நொடி கழித்துச் சன்னலோரத்திலிருந்து செண்பகவல்லி சொன்னாள்: "மணி பன்னெண்டாச்சு, சாப்பிட்டுட்டு வேலையைப் பாருங்க."

நயினார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ரேடியோ அடுத்ததைச் சொன்னது: "உடம்பு முக்கியம்ங்க. நீங்க நல்லா இருந்தாத்தான் நான்." அரை நொடி. அவளும் சொன்னாள். இருநூற்றுப் பதினேழாம் கேள்விக்கு அவர் எழுதிய பதில் அது. எழுதும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது அவருக்கு.

நாம் எழுதிய கடிதம் நமக்கே தபாலில் வந்தால் எப்படி இருக்கும்? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுச் சேகனாவிடம் ஓடினார்.

சேகனா தாடியைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "மலிவு மாடலா இருக்கும். பெட்டி பொட்டுக்குப் பேச்சாவே அனுப்புது, அந்தக் காலத்து ரேடியோ மாதிரி. உம்ம செட்டு இறங்கிப்போன இடத்துல அது மாட்டிக்கிட்டு. சரி, கீழ வாறது கேட்டா, மேல போறதும் கேக்கணுமே?"

"மேல போறதா?"

"பெட்டி திருத்துறதுக்கு முன்னால அவிய சொந்தமா நினைச்சது. பொட்டுலேருந்து பெட்டிக்குப் போறது. பக்கத்துலதான் இருக்கும், ஆனா ரொம்ப மெல்லிசு. இந்தச் செட்டுக் காதுக்கு எட்டாது."

நயினாருக்கு உடம்பெல்லாம் ஒரு பரவசம். மனிதருடைய எண்ணம் எப்படி ஓடியது பாருங்கள்: பெட்டி திருத்தி அனுப்புவதே இவ்வளவு இனிக்கிறதென்றால், திருத்தாத அசல் எவ்வளவு இனிக்கும்! அவர் எழுதிய நானூறு பதிலும் அவள் மனசைப் பார்த்து எழுதியதுதானே. அதை அவள் மனசே சொல்லிக் கேட்க வேண்டாமா?

"எட்ட வைக்க என்ன செய்யணும்?"

"ஈ.எஃப். 85 வால்வு இருக்க இடத்துல ஈ.எஃப். 183 போடணும். காலெல்லாம் ஒத்துப்போகும். ஆனா அது டி.வி. வால்வு, காது ரொம்பக் கூர்மை. தகரக் கூடு போட்டு மூடலைன்னா ஊளையிடும். என்கிட்ட இல்ல. தேடிப் பாரும்."

தேடினார். மதுரையில் இல்லை, திருநெல்வேலியில் இல்லை. பத்தாவது நாள், எட்டயபுரத்தில் கோழி வளர்க்கும் ஒருவர் வீட்டில் வால்வு டி.வி. ஒன்று இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. போய்ப் பார்த்தால் திரை இருந்த இடத்தில் ஓட்டை, உள்ளே அடைகோழி.

"சாமான் எதுனாலும் எடுத்துக்கோங்க அண்ணாச்சி," என்றார் வீட்டுக்காரர். "ஆனா இன்னும் ஆறு நாள் பொறுத்து வாங்க. இப்பக் கைவச்சா கோழி எந்திரிச்சிரும், குஞ்சு வராது."

"கையே வைக்க மாட்டேன். சும்மா பாத்துட்டுப் போறேன்," என்றார் நயினார். வீட்டுக்காரர் மோர் எடுக்க உள்ளே போன நேரத்தில் கையை விட்டுவிட்டார். கோழி கொத்தியது. அவர் முழங்கை பட்டு இரண்டு முட்டை நொறுங்கியது. வால்வு முழுசாக வந்தது. மோரையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் செருகி, பால் பவுடர் தகரத்தை வெட்டிக் கூடு செய்து மூடி, செட்டைப் போட்டார். முள்ளைப் பழைய இடத்திலிருந்து ஒரு மயிரிழை நகர்த்தினார்.

"அந்தச் சனியனை அமத்து. காது வலிக்கு." அதே தட்டைக் குரல்தான். சொற்கள்தான் வேறு.

அரை நொடி கழித்துச் செண்பகவல்லியின் வாய், "எங்க அப்பாவே வந்து உக்காந்த மாதிரி இருக்குங்க," என்றது.

நயினார் ரேடியோவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "செண்பகம், நான் பேசுறது கேக்குதா?"

"எட்டு மாசமா உன் பேச்சு ஒண்ணுதான் கேக்குது. அதுக்கு முன்னால நாப்பது வருஷம் கேட்டது போதாதுன்னு," என்றது ரேடியோ.

"உங்க குரலைக் கேட்டாலே போதும்ங்க," என்றாள் அவள்.

உன். அவர் பெயரைக்கூடச் சொல்லாதவள், "என்னங்க" தவிர வேறு வார்த்தை அறியாதவள். மனசுக்குள் நாற்பத்தொரு வருஷமாக அவர் 'நீ'தான் போலிருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. தான் நினைப்பது அறைக்குள் சத்தமாகக் கேட்கிறது. கழுத்து விறைத்து, கண் இரண்டும் ரேடியோவில் போய் ஒட்டிக்கொண்டன.

"கேக்குதா? நயினார், கேக்குதா? நான் சொல்லுதது உனக்குக் கேக்குதா?"

"ஏங்க முகம் வாடியிருக்கு? ஒரு வாய் காப்பி குடிங்க," என்றது வாய்.

"கேக்குது," என்றார் நயினார்.

ரேடியோவில் அடுத்துப் பேச்சு வந்தபோது 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. காரியம் ஆக வேண்டியிருக்கிறதே, பாவம்.

"நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. நடுவுல பேசாதீங்க. எனக்குப் புத்தி ஒண்ணும் போகல. எல்லாம் தெளிவா இருக்கு, வாய்க்குத்தான் வழி இல்ல. பெட்டி பேசுறது எதையும் நான் சொல்லல. பெட்டி யோசிக்க அரை நொடி ஆவுதுல்லா, அதுக்குள்ள ஒரு வார்த்தையாவது சொந்தமாச் சொல்லிப் பாக்கேன். தொண்டையில க்குன்னு வரும். நீங்க சளின்னு நினைச்சு மருந்து ஊத்துதீங்க."

"உங்க கையால மருந்து குடிச்சாலும் அமிர்தம்ங்க," என்றது வாய்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். பெட்டியைக் குறைக்கச் சொல்லுங்க. திக்குனாலும் பரவால்ல. ஒரு வருஷம் ஆனாலும் பரவால்ல. அகல்யா வாராவாரம் கூப்பிடும்போது 'நீ அலையாத, நாங்க நல்லா இருக்கோம்'னு என் வாய் சொல்லுது. நான் அப்படிச் சொல்லல. ஒவ்வொரு வாரமும் 'வா'ன்னுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நானே அவகிட்டச் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"எனக்கு என்னங்க வேணும்? நீங்க இருக்கீங்களே," என்றது வாய்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், காலில் விழுந்திருப்பார்கள். நயினார் என்ன கேட்டார் தெரியுமா?

"அப்ப நான் செய்யுதது எதுவுமே உனக்குப் பிடிக்கலையா?"

ரேடியோ தயங்கியது. பொய் சொல்லத்தான் முயன்றிருப்பாள். ஆனால் மனசில் எழுந்ததெல்லாம் அப்படியே மேலே போய்விடும் கருவியாயிற்றே.

"குளிக்க வைக்கீங்க, சோறு போடுதீங்க. இல்லைங்கல. உப்பு ஜாஸ்தி. நானூறு கேள்வியில ஒண்ணை எழுதும்போதாவது என் முகத்தை நிமிந்து பாத்திருக்கலாம். நான் பக்கத்துக் கட்டில்லதான் கிடந்தேன்."

"உங்களை மாதிரி யாருங்க பாப்பாங்க," என்றது வாய், கனிவாக.

நயினார் கைநீட்டிக் குமிழைத் திருகினார். வால்வுகள் மெல்ல அணைந்தன. அவள் கண் மட்டும் இன்னும் ரேடியோவிலேயே இருந்தது.

"நல்லாப் பாடுச்சுங்க," என்றாள்.

மூன்று நாள் அவர் நடந்துகொண்டே இருந்தார். மொட்டை மாடியில் நடந்தார், வாகனம் நிறுத்தும் இடத்தில் நடந்தார். மனைவி படும் வேதனையை நினைத்து உருகுகிறார் என்று ஜெசிந்தா டீச்சர் நாலு பேரிடம் சொன்னாள். அவர் நினைத்தது ஸ்டோர்ஸ்காரர் நினைப்பு. நாற்பத்தொரு வருஷம் ஓடிய அசல் சாமான் எப்படி ஓடியது? ஒரு 'ம்', ஒரு 'சரி', எப்போதும் எதையோ முழுங்கிய முகம். எட்டு மாசமாக ஓடும் மாற்றுச் சாமான் எப்படி ஓடுகிறது? சத்தமில்லை, சூடேறவில்லை, வீட்டுக்கு வந்தவனெல்லாம் புகழ்கிறான். இதைக் கழற்றிவிட்டு, திக்கும் திணறும் உப்பு ஜாஸ்தி என்றும் சொல்லும் அசலை மறுபடி மாட்ட எந்த ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போடுவான்?

புதன்கிழமை காலை ரேடியோவைச் சேகனா கடையில் கொண்டுபோய் வைத்தார்.

"வச்சுக்கிடும். ஊளையிடுது."

"மேல போறது கேட்டுச்சா?"

"வெறும் இரைச்சல்."

சேகனா செட்டைத் திருப்பிப் பார்த்தார். "தகரக் கூடு போட்டிருக்கீரே வே. போட்டா ஊளையிடாதே?" தலை நிமிர்ந்தபோது நயினார் ரோட்டைத் தாண்டியிருந்தார்.

வியாழக்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஹெப்சிபா என்ற டெக்னீஷியன் பெண் அவர்களை உட்கார வைத்தாள். சிரித்த முகம், விறுவிறுப்பான விரல்கள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க சார்? குறைக்க ஆரம்பிக்கலாமா, முழுசாவே நிரந்தரமா வச்சிடலாமா?"

"முழுசாவே இருக்கட்டும்மா. அவ திணறுறதைப் பாக்க எனக்கு மனசு கேக்காது."

"நிறையப் பேரு அப்படித்தான் சார் சொல்றாங்க. ஆனா சட்டப்படி அம்மாகிட்டயும் சம்மதம் கேக்கணும்."

நயினார் நாற்காலி நுனிக்கு வந்தார். "பெட்டியை அமத்திட்டா கேப்பீங்க?"

"அமத்தினா எப்படி சார் பேசுவாங்க? போட்டபடியேதான்."

"அதுசரி. அவ நினைச்சு மேல பெட்டிக்குப் போறதை நீங்க கேக்க முடியாதோ? சும்மா, ஒரு விவரத்துக்குக் கேக்கேன்."

"அது நோயாளியோட அந்தரங்கம் சார். யாரும் கேக்கக் கூடாது. நாங்க கேட்டா வேலையே போயிடும்."

"நல்ல சட்டம்," என்றார் நயினார், மனசாரத்தான்.

ஹெப்சிபா செண்பகவல்லி பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பெட்டி எப்பவும் இப்படியே இருக்கட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?"

செண்பகவல்லியின் நெற்றி நரம்பு புடைத்தது. அவள் அந்த அரை நொடிக்காகக் காத்திருந்தாள் போலும். எட்டு மாதம் சளியென்று மருந்து ஊற்றப்பட்ட தொண்டையிலிருந்து, பாதி காற்றும் பாதிச் சத்தமுமாக, ஒரு முழு வார்த்தை வந்து விழுந்தது.

"மாட்டேன்."

உடனே பெட்டி எட்டிப் பிடித்துவிட்டது. "அவங்க சொன்னா சரிதாம்மா."

கணினிப் பக்கம் திரும்பிய ஹெப்சிபாவின் விரல் நின்றது. "முதல்ல என்னவோ சொன்னாங்களே சார்?"

"அவங்க சொல்லைத் தட்ட மாட்டேங்கா," என்றார் நயினார், ஒரு மூச்சுகூட விடாமல். "பாதியை முழுங்கிருவா, அவ பழக்கம் அது. கல்யாணம் ஆனதுலேருந்து நான்தான் முடிச்சு வைக்கேன்."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். "என்ன பொருத்தம் சார்!" திரையிலிருந்த கட்டத்தில் 'சம்மதம்' என்று குறித்தாள். "இது ஒண்ணுமில்ல, பெட்டி யோசிக்கிற அந்த அரை நொடியில நாக்கு தானா அசைஞ்சுடுது. சில பேருக்கு இப்படி வேண்டாத வார்த்தை தப்பி வெளிய வரும். பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. எதிராளி பேசி முடிக்கிறதுக்கு முன்னாலேயே பதிலை எடுத்து வச்சிக்கும். இடைவெளியே இருக்காது. போட்டுடவா?"

செண்பகவல்லி நயினாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் படிக்க ரேடியோ எதுவும் தேவையிருக்கவில்லை. அவர் மேசையிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "போட்டுரும்மா," என்றார்.

விரல்கள் விறுவிறுவென்று ஓடின. "முடிஞ்சுது சார். பேசிப் பாருங்க."

நயினார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செண்ப…"

"என்னங்க?" என்றாள் அவள்.

பளிச்சென்று இருந்தது. ஹெப்சிபா கைதட்டினாள். நயினாருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை பார்ப்போமென்று, "நாளைக்கு அகல்யா…" என்று ஆரம்பித்தார்.

"கூப்பிட்டா, நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லுதேங்க."

"அது இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"வீட்டுக்குப் போவோங்கீங்க. வாங்க, போவோம்."

அவர் சொல்ல வந்தது அதுவல்ல. வாயைத் திறந்தார். அவள் அதற்கும் பதில் சொல்லி முடித்திருந்தாள்.